பாட்டு சிலபஸ்ல இருக்கு... பாடினவங்க எங்கே? விளாத்திகுளம் முதல் பல்கலைக்கழகம் வரை

தமிழ் இலக்கியம் படித்த நண்பர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ‘நாட்டுப்புறவியல்’ என்று ஒரு தாள் இருந்திருக்கும். தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி, விடுகதை, கதைப்பாடல் என்று அலகு அலகாகப் பிரித்து நடத்தியிருப்பார்கள். சிலர் ‘ஈஸியா மார்க் வாங்கிடலாம்’ என்றும் சொல்வார்கள். அந்த செமஸ்டர் முழுக்க ஒப்பாரி பாடும் ஒருவரை வகுப்பில் பார்த்தீர்களா என்று அடுத்ததாகக் கேளுங்கள். பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்.

இப்போது இந்தக் கேள்வியை எழுப்பக் காரணம் இருக்கிறது. பட்டம் இல்லாத துறை வல்லுநர்களையும் பேராசிரியராக நியமிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் வழி திறந்தது. உள்ளூர்க் கலைஞர்களை உயர்கல்வி நிறுவனங்களோடு இணைப்பதற்கான தனி வழிகாட்டுதல் 2023-ல் வந்தது. 2025-ம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டியலில் பறை ஆசான் வேலு ஆசானும், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் இடம்பெற்றார்கள். ஐடி கம்பெனி பொங்கல் விழாவிலும் பறை ஒலிக்கிறது, சென்னை சங்கமம் மேடையிலும் கரகம் ஆடுகிறது. மேடையும் விருதும் கிடைக்கிற இந்தக் கலைஞர்களுக்கு வகுப்பறை மட்டும் ஏன் இன்னும் தூரமாகவே இருக்கிறது? இதைப் புரிந்துகொள்ள கரிசல் காட்டுப் பக்கம் போய் வர வேண்டும்.

‘உதவியவர்’ என்ற ஒரு வரி

தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே இருக்கிறது விளாத்திகுளம். வைப்பாற்றங்கரை ஊர்தான் என்றாலும் சுற்றிலும் மானாவாரிக் கரிசல். கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மல்லி, மிளகாய் எல்லாமே வானம் பார்த்துத்தான் விளையும். களையெடுப்பும் பருத்தியெடுப்பும் கூட்டமாகச் செய்கிற வேலைகள். கூட்டமாகக் குனிந்து வேலை செய்கிற இடத்தில் பாட்டு இருந்தது. மழை பொய்த்தால் வீடு வீடாக மழைச்சோறு வாங்குவதும், கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைப்பதும் இந்த மண்ணின் வழக்கம்.

இந்த ஊர்ப் பக்கத்துப் பாடல்கள் அச்சில் ஏறியதற்கு முக்கியக் காரணம் ஒரு பள்ளி ஆசிரியர். தங்கம்மாள்புரத்தைச் சேர்ந்த எஸ்.எஸ்.போத்தையா. நாங்குநேரிக்காரரான ஆய்வாளர் நா.வானமாமலை, ஊர் ஊராக ஆட்களை வைத்துப் பாடல்களைச் சேகரித்தபோது, விளாத்திகுளம் வட்டாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் இவர்தான். அந்தப் பெருந்தொகுப்பு 1964-ல் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ என்று வெளிவந்தது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நாட்டுப்புறவியல் துறைகள் வளர்வதற்கு முன்பே வந்த புத்தகம் அது. பிறகு வந்த ஆய்வேடுகளுக்கும் பாடநூல்களுக்கும் அடிப்படை நூல்களில் ஒன்றாகவும் ஆனது.

அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் பாடல்களின் கீழே சின்ன எழுத்தில் குறிப்புகள் இருக்கும். ‘சேகரித்தவர்’ என்று ஒரு பெயர். ‘இடம்’ என்று ஓர் ஊர். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல்தான் என்பதால் ‘விளாத்திகுளம், நெல்லை மாவட்டம்’ என்றே அச்சாகியிருக்கும். பல பாடல்களில் இன்னொரு வரியும் உண்டு: ‘உதவியவர்’.

அந்த ‘உதவியவர்’ யார்? பாடிக் காட்டியவர்.

வானமாமலையைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. பாடல்களைப் ‘பாமரர் பாட்டு’ என்று ஓரமாக வைத்த காலத்தில், பாடியவரின் பெயரையும் ஊரையும் பதிவு செய்ததே பெரிய நேர்மை. அதற்குப் பின்னால் வந்த எத்தனையோ தொகுப்புகளில் அந்த ஒரு வரிகூட இல்லை. ஆனால் அறிவு எந்தப் பக்கம் இருப்பதாக நினைக்கப்பட்டது என்பதை அந்தச் சொல் காட்டிவிடுகிறது. சேகரிக்கிறவர் ஆய்வாளர், விளக்குகிறவர் பேராசிரியர், பாடத் தெரிந்தவர் உதவியாளர். அறுபது வருஷம் கழித்தும் பல்கலைக்கழகத்தின் அமைப்பு ஏறக்குறைய இந்த வரிசையில்தான் இருக்கிறது.

எட்டாம் வகுப்பைத் தாண்டாத பேராசிரியர்

இந்த வரிசை ஒருமுறை உடைந்தது. உடைத்தவரும் கரிசல்காரர்தான்.

கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. விவசாயி, சிறுகதை எழுத்தாளர், கரிசல் வட்டாரப் பேச்சுக்கென்றே தனிச் சொல்லகராதி தொகுத்தவர். 1980-களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. அப்போதைய துணைவேந்தர் கி.வேங்கடசுப்பிரமணியன் எடுத்த முடிவு அது. கி.ரா.வுக்குத் தரப்பட்ட வேலை நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிப்பதும் ஆவணமாக்குவதும். ‘புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகள்’ அந்தக் காலத்து உழைப்பின் விளைச்சல். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு அவர் சாகித்ய அகாடமி விருது பெற்றது 1991-ல். அதாவது, அகாடமி அங்கீகரிப்பதற்கு முன்பே ஒரு பல்கலைக்கழகம் அவரை அங்கீகரித்துவிட்டது. 2021 மே மாதம் அவர் இறந்தபோது ‘பேராசிரியர்’ என்ற அடைமொழியும் சேர்த்தே செய்திகள் வந்தன.

கி.ரா. அங்கே செய்த வேலையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கதை சொல்வது என்பதை அவர் எழுத்துக்கு ஒரு படி கீழான விஷயமாக நினைக்கவே இல்லை. கேட்கிற ஆளைப் பார்த்து நீளும், சுருங்கும், வளையும் கலை அது. ஊரில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாகக் கூடிச் சொல்லிக்கொள்ளும் பாலியல் கதைகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. கழனியூரனோடு சேர்ந்து ‘மறைவாய் சொன்ன கதைகள்’ என்றே தொகுத்தார். ஒரு சராசரி பாடத்திட்டக் குழு இந்தக் கதைகளை முதல் கூட்டத்திலேயே வெட்டிவிடும். கதை தெரிந்த ஆளே பேராசிரியரானால் என்ன மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் கி.ரா.வின் நியமனம் ஒரு துணைவேந்தரின் துணிச்சலில் நடந்தது. பிறகு அது வழக்கமாக மாறவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறப் பாடகராகவும் பேராசிரியராகவும் இருந்தவர் கே.ஏ.குணசேகரன், சிவகங்கைச் சீமைப் பாட்டை மேடையிலும் வகுப்பிலும் பாடியவர். அவரிடம் முனைவர் பட்டம் இருந்தது. முன்வாசல் வழியாகவே உள்ளே போக முடிந்தது. பட்டம் இல்லாதவர்களுக்கு வாசல் எது என்பதுதான் கேள்வி.

சரி, 2022-ல் திறந்த வாசல் எப்படி?

யுஜிசியின் ‘நடைமுறைப் பேராசிரியர்’ திட்டத்தை (புரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்) ஐடி, மேனேஜ்மென்ட் ஆட்களுக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள். விதியில் இலக்கியம், நுண்கலை போன்ற துறைகளும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. பட்டம் கட்டாயம் இல்லை. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும். ஒரு நிறுவனத்தின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நிரப்பலாம். முதலில் மூன்று ஆண்டு, விதிவிலக்காக இன்னும் ஒரு வருஷம். அதற்கு மேல் முடியாது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் சம்பளத்தில் வருகிறது. இந்தப் பேராசிரியர்களை மூன்று வகையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி: தொழில் நிறுவனங்கள் பணம் தரலாம், கல்வி நிறுவனமே சொந்த நிதியிலிருந்து தரலாம், அல்லது மதிப்பூதிய அடிப்படையில் அழைக்கலாம். செமிகண்டக்டர் வல்லுநருக்கு ஸ்பான்சர் செய்ய ஒரு கம்பெனி வரும். வில்லுப்பாட்டுக்காரருக்கு யார் வருவார்? சொந்த நிதிக்கே திண்டாடும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிஞ்சுவது மூன்றாவது வழிதான். அதற்கு அர்த்தம், ஒரு பொன்னாடை, ஒரு கவர், ஒரு நாள் பயிலரங்கம்.

அடுத்த சிக்கல் அனுபவச் சான்றிதழ். ஒருவர் 15 வருஷமாக வில் அடிக்கிறார், உடுக்கை வாசிக்கிறார் என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவது? இசை, நடனத் துறை ஆசிரியர்களுக்கான யுஜிசி விதிகளில் மரபுக் கலைஞர்களுக்கு ஏற்கெனவே ஒரு பாதை உண்டு. ஆனால் அங்கே அளவுகோலாக வருவது வானொலி, தொலைக்காட்சியில் ‘ஏ’ கிரேடு மாதிரியான தகுதிகள். சபா மேடைக் கலைஞரை மனதில் வைத்து எழுதிய விதி அது. அம்மன் கோயில் கொடையில் விடிய விடியப் பாடுகிறவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007 முதல் இருக்கிறது. அதன் உறுப்பினர் பதிவையே அனுபவத்துக்கான ஆதாரமாகப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

கெஸ்ட் ஃபேக்கல்டியாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். யுஜிசி 2019-ல் வகுத்த விதிப்படி ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய். தொகை பரவாயில்லை. ஆனால் தகுதி? உதவிப் பேராசிரியருக்கு என்ன தகுதியோ அதேதான். நெட் அல்லது முனைவர் பட்டம். சுத்தி வந்தா மறுபடியும் அதே கதவு.

பள்ளி அளவிலும் படம் இதேதான். அரசு மாவட்ட இசைப்பள்ளிகளில் காலங்காலமாகச் சொல்லித்தருவது ஏழு பாடங்கள்: குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். இந்த ஏழில் பறையும் இல்லை, வில்லும் இல்லை, தேவராட்டமும் இல்லை. சமீப ஆண்டுகளில்தான் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சியை அரசு தொடங்கியிருக்கிறது. இத்தனைக்கும் தேவராட்டத்துக்குப் பெயர்போன ஜமீன் கோடாங்கிபட்டி இதே கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரத்தில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் வகுப்புக்குக் கொண்டு வந்துவிடலாமா?

இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று உடனே சொல்லிவிட முடியாது. ஒப்பாரியையே எடுத்துக்கொள்வோம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது பல ஊர்ப் பெண்களின் உறுதியான நம்பிக்கை. ரெக்கார்டரோடு போகும் மாணவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவரும் இதுதான். ஊருக்கு வெளியே, தோட்டத்துக்குப் போய்ப் பாடித்தருகிற அம்மாக்களும் உண்டு. அவரைக் குளிரூட்டிய செமினார் ஹாலில், மைக் முன்னால் நிறுத்தி ‘ரெண்டு வரி பாடுங்க பாட்டி’ என்று கேட்பது கல்வியா? அவருக்கு அது அமங்கலம். வகுப்புக்கு அது டெமோ.

தெற்கே திருநெல்வேலிப் பக்கம் போனால் கணியான் கூத்து இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கும். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் உள்ள கணியான் சமூகத்தினர், சுடலைமாடன் கோயில் கொடைகளில் மகுடம் அடித்து நிகழ்த்துவது அது. அண்ணாவி கதையைப் பாட, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். கையைக் கீறி இரத்தம் தரும் சடங்கும் அதில் ஒரு பகுதி. மகுடம் அடிக்கும் முறையைச் சொல்லித்தரலாம். கதைப்பாட்டைச் சொல்லித்தரலாம். சாமிக்கும் அவர்களுக்கும் இடையிலான சடங்கை மூன்று கிரெடிட் பாடமாக ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது. எது பாடம், எது பாடத்துக்கு வெளியே என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அண்ணாவிதானே தவிர, துறைத் தலைவர் அல்ல.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. பறை, ஒப்பாரி, கணியான் கூத்து என்று எதை எடுத்தாலும் அதை நிகழ்த்தும் சமூகங்கள் அதற்காகவே இழிவுபடுத்தப்பட்ட வரலாறு இருக்கிறது. அந்தக் கலையை இன்று நகரத்து மாணவர் ‘ஸ்கில்’ ஆகக் கற்று ரெஸ்யூமேயில் போட முடிகிறது. அதை நிகழ்த்தும் குடும்பத்துப் பையன் ஊரில் அதே கருவியைத் தொட யோசிக்கிறான். பறையைக் கையில் எடுக்க மாட்டேன் என்று தலித் இயக்கங்களுக்குள்ளேயே எழுந்த குரலும், அதை விடுதலையின் கருவியாக்குவோம் என்று எழுந்த குரலும் இந்த வலியிலிருந்து வந்தவைதான். வகுப்பில் தாளம் மட்டும் கற்றுக்கொடுத்து இந்த விவாதத்தை விட்டுவிட்டால் பாதிப் பாடம்தான் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மட்டக்களப்பு என்ன செய்தது?

இதே சிக்கலைத் தமிழ்ப் பல்கலைக்கழகச் சூழலில் நீண்ட காலமாக அலசி வருபவர்கள் ஈழத்தமிழர்கள். 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு.வித்தியானந்தன், மட்டக்களப்பு நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவை பெரிய வரவேற்பைப் பெற்றன. இராவணேசனாக ஆடிய மாணவர்தான் பிற்காலத்தில் பேராசிரியரான சி.மௌனகுரு. கிராமத்துக்காரங்க ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட கூத்து படித்தவர் நடுவே மரியாதை பெற்றது அப்போதுதான்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. வட்டக்களரியில், நாலு பக்கமும் சனங்கள் சூழ விடிய விடிய நடந்த கூத்து, ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் இருக்கும் மேடையில் ஓரிரு மணி நேரத்துக்குள் சுருங்கியது. பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி.ஜெயசங்கர் இதற்கு மறுபக்கத்திலிருந்து வந்தார். சீலாமுனை என்ற ஊரில் கூத்துக்காரர்களோடு உட்கார்ந்து, கூத்தில் எதை மாற்றுவது, பெண் பாத்திரங்களையும் சாதி சார்ந்த சித்திரிப்புகளையும் என்ன செய்வது என்று அவர்களையே பேசி முடிவெடுக்க வைக்கும் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற முறையை முன்னெடுத்தார். முதலாவதில் கூத்து பல்கலைக்கழகத்துக்கு வந்தது. இரண்டாவதில் பல்கலைக்கழகம் கூத்துக்களரிக்குப் போனது. இரண்டையும் ஒப்பிட்டால், விளாத்திகுளத்துக்குப் பொருந்துவது இரண்டாவதுதான்.

இடம் அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்கள் நியூசிலாந்தைப் பார்க்கலாம். வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே மாவோரி மக்களின் கூடுமிடமான ‘மராய்’ 1986 முதல் இருக்கிறது. அங்கே நுழைபவர் மாணவரானாலும் துணைவேந்தரானாலும் மாவோரி முறைப்படிதான் வரவேற்கப்பட்டு உள்ளே போக வேண்டும். கலைஞரையே ஆசிரியராக அமர்த்துவதும் உலகத்துக்குப் புதிதில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1963-லேயே மிருதங்கக் கலைஞர் டி.ரங்கநாதனை அழைத்துப் பாடம் நடத்த வைத்தது.

காலண்டர் பிரச்சினை

யாரும் அதிகம் பேசாத, ஆனால் நடைமுறையில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும் ஒரு விஷயம் இருக்கிறது: தேதி. தென்மாவட்ட நாட்டுப்புறக் கலைஞருக்குக் கைநிறைய வேலை இருப்பது பங்குனி, சித்திரைக் கொடைகளிலும் ஆடி மாதத்திலும். கல்லூரிக்கு அதே ஏப்ரல் செமஸ்டர் தேர்வுக் காலம். மானாவாரிக்காரர்களுக்கு விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். அறுவடை தை, மாசியில். வகுப்பு மும்முரமாக நடக்கும் நாட்களில் பாட்டுக்காரர் காட்டில் இருப்பார். அவர் ஊர் ஊராகப் பாடும் நாட்களில் மாணவர் ஹால் டிக்கெட்டோடு இருப்பார். 15 வாரம், வாரம் இரண்டு மணி நேரம் என்ற சட்டகத்துக்குள் இந்தக் கலையை அடைக்க முயலும்வரை, வகுப்புக்கு வருவது கலைஞரின் மிச்ச நேரமாகத்தான் இருக்கும்.

மாற்று ரொம்பச் சிக்கலானதும் இல்லை. கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப்புக்கு இப்போது கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன. ஒரு வில்லுப்பாட்டுக் குழுவோடு ஒரு சித்திரை மாதம் ஊர் ஊராகப் போய் வந்தால் அதையும் இன்டர்ன்ஷிப்பாகக் கணக்கில் எடுக்கலாம். விளாத்திகுளம் வட்டத்திலேயே, நாகலாபுரத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பாட்டு அவர்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டதாக இருக்கலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை களப்பணியையே முதுகெலும்பாக வைத்து ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கியது. முன்மாதிரிக்கும் ரொம்ப தூரம் போக வேண்டாம். கல்லூரிக்கு வெளியே இருந்தும் இந்த வேலை நடந்திருக்கிறது. வில்லிசைக் கலைஞர் பிச்சைக்குட்டியைப் பற்றித் தனி நூல் எழுதியவர், உருளைக்குடி விவசாயியும் நாவலாசிரியருமான சோ.தர்மன்.

செலவு? 1,500 ரூபாய் விகிதத்திலேயே கணக்குப் போட்டால், வாரம் இரண்டு மணி நேரம், 15 வாரத்துக்கு 45,000 ரூபாய். ஒரு கல்லூரியால் சமாளிக்க முடியாத தொகை அல்ல.

தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இன்னொரு சுலபமான வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. பாடத்திட்டத்தை முடிவு செய்யும் ‘போர்டு ஆஃப் ஸ்டடீஸ்’ குழுவில், யுஜிசி விதிப்படி தொழில்துறை அல்லது அது சார்ந்த துறையிலிருந்து ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும். தமிழ்த் துறைகளில் அந்த நாற்காலிக்கு வழக்கமாகப் பதிப்பாளரையோ ஊடகத்துறை ஆளையோ அழைப்பார்கள். அங்கே ஒரு வில்லுப்பாட்டுக்காரரையோ தேவராட்ட ஆசிரியரையோ அழைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. அடுத்த கல்வியாண்டுக்கான கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் தயாராகும்போது, அந்த ஒரு பெயரை மாற்றித் தட்டச்சு செய்தால் போதும்.